நிலுவை

வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்திருக்கிறவள் நான்.
சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை.
மடியில் பலகை, வாயில் ஊதுகுழல்,
கண்ணி கண்ணியாய்ப் பற்றவைத்துப்
பற்றவைத்து
பொழுது சாய எழும்போது
இடுப்பு மட்டும் கொஞ்ச நேரம்
உட்கார்ந்தே இருக்கும்.

ஏழாம் நாள் நிற்பேன்,
ஜங்ஷன் அணி ஆடும் மைதானத்தில்
தண்டவாளத்தை ஒட்டிய மேற்குப் படிகளில்.

போன ஆடியில் அங்கே
நீல நாற்காலிகள் முளைத்தன.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
‘அமர்ந்து கண்டு களிக்கவும்’ என்று பலகை.
கார்னர் கிடைத்தால் எவன் அமர்ந்து களிப்பான்?
நாற்காலி மேலேயே ஏறினோம்.

ஓசூர்க்காரர்களோடு எண்பத்தெட்டாவது நிமிடம்.
ஏற்காட்டுப் பையன் சடையன்
எகிறித் தலையால் முட்டிய அந்த நொடி
முப்பத்தொன்றாம் எண் முறிந்தது.
பார்சல் ஆபீஸ் எமிலியான்
மூன்று வரிசை தாண்டிப் போய் விழுந்தார்.
காரை எலும்புக்குத் தகடு வைத்து
மயக்கம் தெளிந்ததும் கேட்டார்:
பந்து எந்த மூலைக்குப் போச்சு?

அப்புறம்தான் கூடிப் பேசினோம்.
பெரிதாக ஒன்றுமில்லை.
வரிசைக்கு ஒரு கம்பி, இடுப்பு உயரத்தில்.
சாயலாம், பிடிக்கலாம்,
பின்னாலிருந்து தள்ளு வந்தால்
கம்பி வாங்கிக்கொள்ளும்.
தையல் நாடாவோடு வந்த நூர்ஜஹான்
எங்கள் ஒவ்வொருவர் இடுப்பையும் அளந்தாள்.
கீழே இன்னொரு கம்பி போடுங்க,
பிள்ளைங்க எதைப் பிடிக்கும் என்றாள்.
எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.
எங்கே பற்றவைப்பு விடும் என்று நான் சொன்னேன்.
கொலுசோ கம்பியோ,
விடுவதென்னவோ திருகாணிக்குப் பக்கத்தில்தான்.

இரண்டாயிரத்துச் சொச்சம் கையெழுத்து.
தட்டுவடை செட் தின்ற கையோடு போட்டதில்
மனுவின் நாலாம் பக்கம் பூரா
பீட்ரூட் சிவப்பு.

பரிமளா மட்டும் போடவில்லை.
ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம்
சேலை விரித்து நிற்கிறவள்.
‘காசு கொடுத்து வந்து இங்கேயும் நிற்கணுமா?
எனக்கு அந்த நீல நாற்காலி போதும்டி’ என்றாள்.
அவள் சொன்னது சரி.
ராத்திரி மனுவில் ஒரு வரி சேர்த்தோம்:
உட்கார வேண்டியவர்களின் நாற்காலியை
ஒருபோதும் எடுக்கக் கூடாது.
படித்துப் பார்த்துவிட்டுப் போட்டாள்,
கொட்டை எழுத்தில்.

அதிகாரி அறையில் இரண்டே நாற்காலி.
ஒன்றில் அவர், ஒன்றில் கோப்புகள்.
‘எல்லாரும் உட்காரத்தானே இடம் கேட்பார்கள்,
நீங்கள் நிற்கக் கேட்கிறீர்களே.
எவனாவது விழுந்தால் யாரம்மா பொறுப்பு?’
நாங்கள் ஏழு பேர்.
ஐம்பது நிமிடம்.
எமிலியான் தூளிக்கட்டோடு வாசலோரம்.
நூர்ஜஹான்தான் மெதுவாகச் சொன்னாள்,
‘சார், இவ்வளவு நேரமா நிற்கிறோம்.
ஒருத்தரும் விழலீங்களே.’
அவர் சிரித்தாரா
மின்விசிறிக் காற்றுக்குக் கண் சுருக்கினாரா,
இன்னும் எங்களுக்குள் சண்டை.

தெய்வம் நின்றுதான் கொல்லுமாம்.
எங்களுக்குக் கொல்ல வேண்டாம்,
நின்று பார்த்தால் போதும்.

நேற்று பதில் வந்தது, ஒற்றை வரி:
‘தங்கள் மனு நிலுவையில் உள்ளது.’
ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிலுவை.
எங்கள் காகிதத்துக்கு மட்டும்
நிற்க இடம் கொடுத்துவிட்டார்கள்.

இன்று சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்து
முதல் பாதியிலேயே தூறல்.
பரிமளா செருப்பைக் கழற்றிவிட்டு
நாற்காலியில் சம்மணம் போட்டிருக்கிறாள்.
பந்து இடது ஓரம் சடையனுக்குப் போகிறது.
முப்பத்தொன்று இருந்த இடத்தில்
நாலு போல்ட் துளை, துளைக்குள் மழைத்தண்ணீர்.

அங்கேதான் நிற்கிறேன்,
முன் வரிசைக்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு.