பின்சக்கரங்கள் எந்த நாடு

கசும்பலேசா எல்லையில், சாம்பியாவின் பக்கம்,
சுங்க அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை.
சரக்கு, எடை, பிறந்த நாடு, போகும் நாடு.
ஆறு வருடமாக இந்த நாலு கட்டங்கள்தான்.

காங்கோவிலிருந்து தெற்கே வருவது செம்பு,
தகடு தகடாக, பட்டை போட்டுக் கட்டி.
இங்கிருந்து வடக்கே போவது
சோளமாவு, சுண்ணாம்பு, கந்தக அமிலம்.
மாவு ஆட்களின் வயிற்றுக்கு.
அமிலம் மலையின் வயிற்றுக்கு.
மலை செரிக்க முடியாமல் கக்குவதுதான்
தகடாகி என் மேசைக்குத் திரும்புகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றேகால் மணிக்கு
லுசாக்காவிலிருந்து தொலைபேசி வந்தது:
இந்த நிமிடம் முதல் மாவு ஏற்றுமதிக்குத் தடை.
எங்கள் அதிகாரி கலலுக்கா நல்ல மனிதர்.
அந்த நிமிடமே கேட்டை இறக்கச் சொன்னார்.
கேட்டுக்கு நேர் கீழே சிச்சோனேயின் லாரி.

முன்சக்கரங்கள் காங்கோவில்.
பின்சக்கரங்கள் சாம்பியாவில்.
மேலே முப்பது டன் மாவு.

"ஓட்டுநர் எங்கள் மண்ணில் இருக்கிறார், லாரி வந்தாயிற்று"
என்றார் அந்தப் பக்கத்து சிபாண்டா.
"சரக்கு எங்கள் மண்ணில் இருக்கிறது, லாரி போகவே இல்லை"
என்றார் கலலுக்கா.
இருவர் கையிலும் சட்டப் புத்தகம்.
இரண்டிலும் அந்தப் பக்கத்தைக் காணோம்.
சிச்சோனே இறங்கப் பார்த்தார்.
இறங்கினால் விசா வேண்டும் என்று யாரோ சொல்ல
மறுபடி ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எதிரே செம்பு லாரிகள்.
முதல் நாள் ஹாரன்.
இரண்டாம் நாள் அதுவும் இல்லை.
வரிசை பதினாலு கிலோமீட்டர் என்றது வானொலி.
முன்னால் நின்றவன் ம்வகலிங்கா,
தார் எஸ் சலாம் துறைமுகம்வரை போக வேண்டியவன்.
இரண்டரை லட்சம் டாலர் செம்பில் முதுகைச் சாய்த்துப்
பசித்துக் கிடந்தான்.
அவனுக்கு வேண்டியது ஒரு படி மாவு.
அது பத்தடி தூரத்தில், சட்டத்துக்குள் இருந்தது.

காட்டுப்பாதைக்குத் தடை போய்ச் சேர்ந்ததும்
அங்கே விலை மட்டும் ஏறியது.
இரவெல்லாம் சைக்கிள்கள், விளக்கில்லாமல்,
ஆளுக்கு நாலு மூட்டை.
அதற்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.

இரண்டாம் இரவு, தார்ப்பாய்க்குள்
ஒரு மூட்டை வாய் பிளந்தது. பிறகு இன்னொன்று.
கத்தி யாருடையது என்று எனக்குத் தெரியும்.
சொல்ல மாட்டேன்.
தார்ச்சாலையில் வெள்ளையாக ஒரு கோடு,
எல்லைக்கோட்டுக்குக் குறுக்கே.
கபிங்கா துடைப்பமும் அலுமினியப் பேசினுமாக வந்தாள்.
சாலையைப் பெருக்குவது
இரண்டு நாட்டிலும் குற்றமில்லை.
பெருக்கினாள், சலித்தாள், மறுபடி பெருக்கினாள்.
காவலர்கள் நிலாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
அன்றைக்கு நிலா இல்லை.

விடியும்போது களி வாசம்.
அந்தப் பக்கம் அதற்குப் பெயர் புக்காரி,
இந்தப் பக்கம் இன்ஷிமா.
கிளறிய கரண்டி ஒன்றுதான்.
ம்வகலிங்கா விரல் சுடச்சுடத் தின்றான்.
ஜன்னல் வழியாக சிச்சோனேக்கும் ஒரு தட்டு போனது,
அவர் லாரியின் மாவு, அவருக்கே இறக்குமதியாக.

மூன்றாம் நாள் தொலைபேசி இளகியது:
ஏற்கெனவே கிளம்பிய சரக்கு போகலாம்.
எடை போட்டோம்.
நானூற்று அறுபது கிலோ குறைந்தது.

குறைவுக்குக் காரணம் எழுத வேண்டும்.
சிந்தியது என்றால் விசாரணை.
திருட்டு என்றால் போலீஸ்.
மூன்றாவது, அமில டாங்கர்களுக்கான பழைய குறியீடு:
ஆவியாதல்.
அதைத் தட்டினேன்.

கலலுக்கா கண்ணாடியைக் கழற்றினார்.
"மாவு ஆவியாகுமா?"
"கொதிக்கவைத்தால் ஆகும், ஐயா."
அவர் முத்திரையைத் தேடி எடுத்தார்.
சட்டைக் கையோரம் அவருக்கும் கொஞ்சம் வெள்ளை.

கடைசிக் கட்டம்: இழப்பு நேர்ந்த நாடு.
வெறுமையாக விட்டேன்.
கணினி ஏற்கவில்லை.
இரண்டையும் தட்டினேன்.
ஒன்றைத்தான் ஏற்பேன் என்றது.
அப்படியே விட்டுவிட்டு
மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.