முட்டையில்லாத வெள்ளிக்கிழமை

மின்வெட்டு.
கிணற்று மோட்டார் வாயை மூடிக்கொண்டதில்
பண்ணைக்கு இன்று காது கேட்கிறது.

தொட்டித் தண்ணீரின்மேல்
அரை விரல் கனத்துக்குப் பனிக்கட்டி.
கழுதை அதில் மூக்கை வைத்துப் பார்த்தது,
கொஞ்சம் யோசித்தது,
பிறகு என்னைப் பார்த்தது
நான்தான் மூடி போட்டேன் என்பதுபோல.
சுத்தியலால் ஒரு தட்டு.
உடைந்த சில்லை வெயிலுக்கு நேரே பிடித்தேன்:
உள்ளே ஒரு கோழி இறகு
நேற்று விழுந்த கோணத்திலேயே.

தைக்கும் மாசிக்கும் சொல்லிவைத்த பனியெல்லாம்
மூயி ரிவரில் ஆடிக்கு வந்துவிடுகிறது.
தரையைத் துளைக்கிறது, மச்சைத் துளைக்கிறது,
என் ஒட்டுப்போட்ட காலுறை எம்மாத்திரம்.
அம்மி பறக்கவேண்டிய மாதம்;
அடுப்புப் புகைகூட
நட்ட கழியாக நிற்கிறது.

கூண்டில் பதினெட்டுப் பெட்டைகள்.
ஒவ்வொன்றின் அடியிலும் கைவிட்டுத் துழாவினேன்.
வைக்கோல், வைக்கோல், வைக்கோலின் சூடு.
பகல் குறுகினால் நிறுத்திவிடும்.
யாரிடமும் கேட்காது.
பதினெட்டும் ஒருபக்கக் கண்ணால் என்னைப் பார்த்தன,
வெட்கமே இல்லாமல்.

டர்பனில் இருபத்தாறு வருடம்
சட்டைக் காலர் தைத்தேன்.
மணிக்கு எத்தனை என்று சுவரில் எழுதிப்போடுவார்கள்.
இன்றைக்கு இல்லை, போ என்று
ஒரு நாள், ஒரே ஒரு நாள்
சொல்லியிருக்கலாம்.
ஆலையை மூடியபோது கொடுத்த காசில்
வாங்கியவைதான் இவை.
இவற்றுக்குச் சொல்லத் தெரிகிறது.

வேலியோரம் மூன்று ஹடீடாக்கள்.
விடியலில் ஊரையே திட்டித் தீர்த்தவை
இப்போது வாய் திறக்காமல்
வளைந்த அலகை மண்ணில் இறக்கிப் பார்க்கின்றன.
மண் இறுகிக் கிடக்கிறது.
ஊசி உடைந்துவிடப் போகிறதே என்று
எனக்குத்தான் பதறியது.

ஆடி வெள்ளி. கோயிலுக்குக் கொண்டுபோகக்
கூழை ஆறவைத்துவிட்டு உப்பெடுக்கத் திரும்பினேன்.
வாத்துகள் வந்துவிட்டன.
அம்மனுக்கு முன்னால் குடித்துவிட்டு
வாயைத் துடைக்காமல்
வரிசையாகக் குளத்துக்குப் போயின.
ஒன்றும் நடக்கவில்லை.
வானம் அப்படியே நீலமாக இருந்தது.
நான் மறுபடி மாவு கரைத்தேன்.

மத்தியானம் பெக்கிங்கோசி வைக்கோல் கட்டோடு வந்தார்.
முதலில் பசுவுக்கு வணக்கம், பிறகுதான் எனக்கு.
வெள்ளை உடம்பெங்கும் பொடிப் பழுப்பு தெளித்த பசு.
புள்ளிச்சி என்று கூப்பிடுவேன், திரும்பாது.
அவர் நாக்கில் ஏதோ சொடுக்கினார், திரும்பியது.
என் அரைகுறை சூலுவும்
அவருடைய அரைகுறை இங்கிலீஷும் சேர்த்து
அந்தத் தோலுக்கு என்ன பேர் என்று கேட்டேன்.
வானம்பாடியின் முட்டைகள், என்றார்.
புல்லுக்குள் இடுமே, அந்த மாதிரி.

அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன்.
சோளம் அறுத்த கட்டைகளுக்கு நடுவே
முடிக்கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன.
முதலில் எண்ணியபோது நாற்பத்தொன்று,
மறுபடி எண்ணியபோது நாற்பத்து மூன்று.
பசுவின் விலாவில் கை வைத்தேன்.
உள்ளே அசையும் வயிற்றின் சூட்டில்
ஒவ்வொரு புள்ளியும் வெதுவெதுப்பாக இருந்தது.
அடைகாத்தது எது, எத்தனை நாளாக,
பசுவிடம் கேட்கவில்லை.
அது தன்பாட்டுக்கு என் ஸ்வெட்டர் நுனியை
மென்றுகொண்டிருந்தது.

நாலரைக்கு வெயில் மலைக்குப் பின்னால் போனது.
மோட்டார் கனைத்தது.
காது மறுபடி அடைத்துக்கொண்டது.
கோழிகள் யாரும் விரட்டாமலே
கூண்டுக்குள் ஏறின.

விளக்கடியில் முட்டைக் கணக்கு நோட்டைத் திறந்து
வெள்ளிக்கு எதிரே பூஜ்யம் எழுதினேன்.
விரல் விறைத்திருந்தது.
ஒரு பக்கம் பருத்து
ஒரு பக்கம் கூராக வந்துவிட்டது.
அழிக்கவில்லை.