ஊர்ப் பக்கச் சரிவு

மிடல்பர்க், நூலகம், இரண்டாம் மாடி.
நாளைக் காலை ஒன்பதுக்குள் ஒரு பத்தி.
ஒன்றே ஒன்று. இருநூறு சொல்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று,
பிப்ரவரி முதல் நாள், விடியுமுன்
ஸேலாந்து ஏன் மூழ்கியது?

யோரினாவின் முதல் வரைவு இப்படித் தொடங்கியிருந்தது:
'அன்றிரவு கடல் கோபம் கொண்டது.'
ஓரத்தில் பச்சை மை, பாட உதவியாளர் வெர்ஹாகே:
'கடலின் கோபத்துக்கு
எந்தக் காப்பகத்தில் கோப்பு இருக்கிறது?'

அடித்தாள். அது அவளுக்குப் பிடித்த வரி.

இரண்டாம் வரைவுக்கு எல்லாரையும் அழைத்து வந்தாள்.
வடமேற்குப் புயலும் முழுநிலவின் ஓதமும்
தாழ்ந்த கரைகளும் போர் தின்ற பணமும்
சனிக்கிழமை இரவும் உறங்கிப்போன வானொலியும்
உம், உம், உம் என்று
பந்தியில் வரிசையாய் உட்கார்ந்தார்கள்,
எல்லாருக்கும் ஒரே அளவு இலை.
பச்சை மை: 'வந்தவர்கள் சரி.
யார் யாரைத் தள்ளியது?'

காக்கை உட்காரப் பனம்பழம் விழும்.
காக்கையை எழுதுவது எளிது.
பழம் எத்தனை நாளாய்க் காம்பில் நைந்திருந்தது
என்பதற்கு அறிக்கை தேட வேண்டும்.

தேடினாள்.
அதே இரவு, அதே காற்று, அதே நீர்,
சில கரைகள் நின்றிருக்கின்றன.
அப்படியானால் 'புயலால்' என்று எழுதி
முற்றுப்புள்ளி வைக்க முடியாது.
பக்கத்து மேசையில் ஸ்யூர்ட்
தெர்மாஸைத் திறக்க, பட்டாணி சூப்பின் வாசம்.
'இன்னுமா அந்த ஒரே பத்தி?'
அவள் தலை நிமிரவில்லை.
கரைகள் பல உடைந்தது கடல் பக்கம் அல்ல.
மேலே வழிந்த நீர்
மறுபுறம் இறங்கி,
ஊர்ப் பக்கச் சரிவை,
ஆடு மேயும் மெல்லிய சரிவை,
பின்னாலிருந்து அரித்திருக்கிறது.

இதைப் படித்தபின் சற்று நேரம்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேள்வியையே மூன்றாய்ப் பிளந்தாள்.
நீர் ஏன் உயர்ந்தது: நிலவும் காற்றும்.
கரை ஏன் உடைந்தது: உயரம் போதாது என்று
தெரிந்தவர்கள் எழுதியிருந்தும்
வேறு செலவுகள் முந்திக்கொண்டன.
ஏன் அத்தனை பேர் இறந்தார்கள்:
எச்சரிக்கைத் தந்தி போயிருக்கிறது,
சந்தா கட்டிய சிலருக்கு.
மற்றவர்கள் தூங்கினார்கள்.

ஒரு விகுதிதான், ஆல்.
'அலையால்' என்றால் நடந்தது முடிந்தது.
'உயர்த்தியிருந்தால்' என்றால்
நடக்காத ஓர் இரவு
கதவருகே வந்து நிற்கிறது,
ஈரம் படாத காலோடு.
முதல் ஆலைத் தேர்ந்தெடுக்க
இரண்டாம் ஆலைக் கேட்டாக வேண்டும்.

இருநூற்றுப் பதினான்கு சொல்.
'பயங்கரமான' போயிற்று. 'மறக்கவொண்ணா' போயிற்று.
'விதி' என்ற சொல்லை எப்போது எழுதினோம் என்றே
அவளுக்கு நினைவில்லை, அதுவும் போயிற்று.
ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு பேர்
ஓர் எண்ணாய் முதல் வரியில் இருந்தார்கள்.
கடைசி வரிக்கு மாற்றினாள்.
அங்கே கண்ணீர் கேட்பதுபோல் இருந்தது.
நடுவில் வைத்தாள்,
'தூங்கினார்கள்' என்பதை அடுத்து.
அது சரியா என்று இன்னும் தெரியாது.

மணி பதினொன்று. விளக்குகளை அணைக்கிறார்கள்.
ரிட்தெம் வரை எதிர்காற்றில் சைக்கிள்.
வீட்டுக்கு முன் கரை, கரைமேல் ஆடுகள்,
இருட்டில் அசையாத சாம்பல் மூட்டைகள்.
வழக்கமாய் ஏறி நின்று கடலைப் பார்ப்பாள்.
இன்று பாதியில் இறங்கி,
ஊர்ப் பக்கத்தில்,
கைப்பேசி வெளிச்சத்தில்
புல்லை விலக்கிப் பார்க்கிறாள்.