மூட்டையில் என்ன

மெட்லாவியிலிருந்து சரக்கு ரயில் வரவில்லை.
தண்டவாளத்தில் வேலை கேட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்
பதினோரு நாளாக.
அவர்களில் ஒருவன் என் தம்பி லம்ஜத்.

எனக்கு வேண்டியது பாஸ்பேட் அல்ல.
அதைக் கழுவிக் கொட்டிய சேறு.
குளம் குளமாகக் கிடக்கிறது,
காய்ந்து, வெடித்து,
பல்லிகூட ஒதுங்காத சாம்பல் நிறத்தில்.
இருபது கிலோ போதும்.

லம்ஜத் மண்வெட்டியோடு வந்தான்.
"எங்களை எடுக்க ஆளில்லை,
இதை எடுத்துப்போக நீ வந்திருக்கிறாய்" என்றான்.
சிரித்தானா தெரியவில்லை,
முகத்தில் துணி கட்டியிருந்தான்.

வாடகை வேனில் எட்டுப் பேர்.
மூட்டைக்கும் ஒரு டிக்கெட்.
காஃப்ஸா தாண்டிச் சோதனைச் சாவடி.
மூட்டையில் என்ன?
கழிவு.
கழிவை யாரம்மா காசு கொடுத்து ஏற்றுவார்கள்?
கையை விட்டுத் துழாவினார் காவலர்.
மணிக்கட்டுவரை மாவு.
பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தன.

ஸ்ஃபாக்ஸ் ஆய்வகத்தில்
காயவைத்து இடித்து நுண்சல்லடையில் சலித்தேன்.
மாவுச்சத்து கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம்.
பிசைந்து பாலித்தீன் பையில் ஓர் இரவு உறங்கவிட்டு
அச்சில் கொடுத்துப் பிழிந்தால் குழல்.
உருளைகளின் மேல் உருண்டபடியே காயவேண்டும்,
நின்றால் வளைந்துவிடும்.

சூளைக்கு அவசரம் ஆகாது.
நிமிடத்துக்கு இரண்டு டிகிரி.
முந்நூறை நெருங்கியதும் நிறுத்திவைப்போம்.
மாவுச்சத்து எரிந்து வெளியேறும்
தான் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு.
அந்த இடம்தான் சரக்கு.
பானையில் ஓட்டை என்றால் தூக்கி எறிவார்கள்.
நாங்கள் ஓட்டையை அளந்து செய்கிறோம்,
ஒரு மயிரிழையை நூறாய்ப் பிளந்த அகலத்தில்.

முதல் சூளை: பதினாறு குழல், பதினாறிலும் விரிசல்.
இரண்டாவதில் மின்சாரம் போனது.
மூன்றாவதில் ஒன்பது தேறின.
தட்டிப் பார்த்தேன்.
ஒன்று மந்தமாக ஒலித்தது.
எட்டு.

வெளிநாட்டுக் குழல் ஒன்றின் விலை
என் மூன்று மாதச் சம்பளம் என்று
எல்லாக் கூட்டத்திலும் சொல்வார் பேராசிரியர் ரௌதா.
என் சம்பளம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கமுடியாது.
ஒப்பந்தத்தில் கையெழுத்து அவருடையது.

க்ஸார் ஹெலாலில் ஒரு ஜீன்ஸ் சலவைப் பட்டறை.
புதுத்துணியைப் பழசாக்குவது அங்கே தொழில்.
மப்ரூக்கா தேய்ப்பது முழங்கால் மட்டும்.
நாளுக்கு நானூறு முழங்கால்.
நகக்கண் பத்திலும் நீலம்.

குழலைப் பொருத்தினோம். பம்ப் இரைந்தது.
மைபோன்ற நீர் உள்ளே போனது.
வெளியே ஒன்றுமில்லை.
பட்டறைக்காரர் லஸ்ஹர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பிறகு குழலுக்கு வியர்த்தது.
வியர்வை திரண்டு சொட்டாகி
பீக்கரில் விழுந்தது,
நிறமில்லாமல்.

குடிக்கலாமா?
கூடாது. உப்பு அப்படியே இருக்கிறது.
மறுபடி துணி அலசலாம், அவ்வளவுதான்.
அவ்வளவு போதும் என்றார் லஸ்ஹர்,
என் கிணறு போன வருஷமே கைவிட்டது.

நாற்பது நிமிடத்தில் சொட்டு தளர்ந்தது.
எதிர்ப்பக்கமிருந்து நீரடித்துக் கழுவினோம்.
திரும்ப ஓடியது, முன்பைவிடச் சற்று மெதுவாக.
அதையும் நோட்டில் எழுதினேன்.

மப்ரூக்கா கை துடைத்தபடி வந்து பார்த்தாள்.
எதில் செய்தது இது?
மெட்லாவிச் சேற்றில்.
என் அண்ணன் அங்கே லாரி ஓட்டினான் என்றாள்.
அந்தத் தண்ணீரில் பல்லெல்லாம் பழுப்பேறிப்போச்சு.
மந்தமாக ஒலித்த அந்த ஒன்பதாவது குழலை
எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்,
ஜன்னல் பக்கமாக.
பிறகு முழங்கால்களுக்குத் திரும்பினாள்.

இரவு லம்ஜத் கூப்பிட்டான்.
ரயிலை விட்டுவிட்டோம்.
வேலை?
பட்டியல் ஒட்டுவார்களாம்.
உன் சேறு என்ன ஆச்சு?

நன்றாக ஒழுகுகிறது என்றேன்.
என்ன? என்று கத்தினான்.
அவன் பக்கம் பெட்டிகள் கடந்துகொண்டிருந்தன,
ஒவ்வொன்றாக.