வண்டி வராத ரோடு

கோரிப்பாளையத்தில் ஒரு டவுன் பஸ்
என் இடது முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனதிலிருந்து
மதுரை ரோடுகளை
வண்டி வருவது, வராதது என்று
இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

இரண்டாம் வகையில் பெயர்கள் குறைவு.
நாகமலைக்குப் பின்னால் ஒன்று,
குவாரி லாரிகளுக்கு ஞாயிறு மட்டும் விடுமுறை.
கீழக்குயில்குடிப் பக்கம் ஒன்று,
ஆறு மணி வரை நாய்களுடையது.
மூன்றாவதைச் சொன்னவர் சைக்கிள் கடை ஜபருல்லா:
"கள்ளந்திரி போங்க. கால்வாய்ப் பாலம் ஏறுமுன்ன
இடது கை. அப்புறம் என்னைய நெனச்சுக்கங்க."

அவர் கடைச் சுவரில் ஒரு காலண்டர் படம்.
பிரான்ஸ் நாட்டுக் கிராமத்துச் சாலையாம்.
இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் மரங்கள்,
நடுவில் துடைத்துவிட்ட கறுப்பு ரோடு,
ஒரு காக்கைகூட இல்லை.
வருடம் முடிந்தும் அவர் தாளைக் கிழிக்கவில்லை.
பஞ்சர் ஒட்டும்போதெல்லாம்
நான் அதில் கொஞ்ச தூரம் போய்வருவேன்.

தை மாதம், இரண்டாவது ஞாயிறு.
நானும் நிலோபரும்.
கடச்சனேந்தலில் டீ.
அப்பன் திருப்பதி வரை பால்வண்டி, கோயில் வேன்,
ஹாரன் அடித்துவிட்டுக் கடக்கிறவர்கள்,
கடந்துவிட்டு ஹாரன் அடிக்கிறவர்கள்.

பாலத்துக்கு முன்னால் இடது கை திரும்பினோம்.

சத்தம் நின்றதைச் சொல்ல
எனக்குச் சத்தம்தான் வேண்டியிருக்கிறது:
செயினில் எண்ணெய் போதவில்லை என்பது
இரண்டு வருடத்தில் அன்றுதான் கேட்டது.
நிலோபர் மூச்சுவிடும்போது
சின்னதாக ஒரு விசில் வருகிறது.
அவளுக்கே தெரியாதாம்.

தண்ணீரை நிறுத்தி நாலு நாள்.
கால்வாயின் அடியில் தேங்கிய குட்டைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கு
பத்திரம் பதிந்து வாங்கியது மாதிரி.
வலப்புறம் அழகர்மலை
எங்கள் வேகத்துக்கே வந்தது.
சூரியன் முதுகில். நிழல்கள்
எங்களுக்கு முன்னால்
சத்திரப்பட்டி போய்ச் சேரும் நீளம்.

பத்தொன்பது நிமிடம். ஒரு வண்டி இல்லை.
கைவிட்டு ஓட்டினேன்,
முப்பத்தெட்டு வயதில்,
ஆஸ்பத்திரியில் தினம் நரம்பு தேடும் கைகள் இரண்டையும்
பனியில் விரித்து.

அதற்கப்புறம் ரோடு மஞ்சளாயிற்று.

நெல்.
பாதி ரோடு இல்லை, முழு ரோடும்.
ஓரத்துக்குக் கருங்கல் வைத்து
நூறடிக்கு மேல்.
படுதாவை உருவிப் போட்டுவிட்டு
ஒரு பெண் காலால் கிண்டி
வரி வரியாக இழுத்துக்கொண்டிருந்தாள்.
பிரேக் சத்தத்தில் நிமிர்ந்தாள்.

"இங்கிட்டு வண்டியே வராதுன்னுதான
இதுல காயப்போட்டோம்."

எந்த வண்டியைச் சொல்கிறாள் என்று
நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"சைக்கிளுதான, மேலயே ஏத்திப் போங்க" என்றாள்.
மனசு வரவில்லை.
ஷூவைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டி,
சைக்கிளைத் தோளில் தூக்கி,
கரைச் சரிவில் நெருஞ்சிக்குள் நடந்தோம்.
ஒன்பது கிலோ. விலையைக் கேட்டுவிடுவாளோ என்று
பயமாக இருந்தது. அவள் கேட்டது வேறு.

"எங்க போறீக?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

மறுமுனையில் சாக்கு உதறிக்கொண்டிருந்தவரிடம்
நெல்லுக்கு மேலாகக் குரல் போனது:
"இந்தா, சும்மா போறாகளாம்!"
அவர் சாக்கைக் கீழே வைத்துவிட்டு,
சும்மா போகிறவர்களைப் பார்க்க
ரோட்டோரம் வந்து நின்றார்.
நெருஞ்சி குத்தியதை
நாங்கள் காட்டிக்கொள்ளவில்லை.

திங்கள்கிழமை ஜபருல்லாவிடம் சொன்னேன்.
செயினுக்கு எண்ணெய் விட்டபடி
சுவரைப் பார்த்தார்.
"அங்கயும் எதையாச்சும் காயப்போட்டுத்தான் இருப்பாய்ங்க.
படம் எடுக்கிறவன்
கொஞ்சம் அள்ளச் சொல்லியிருப்பான்."

வருகிற ஞாயிறு நெல் இருக்குமா,
அள்ளியிருப்பார்களா,
விசாரிக்க அங்கே யார் நம்பரும் இல்லை.
ஐந்தே காலுக்குக் கிளம்புகிறோம்.
பழைய செருப்பு ஒரு ஜோடி
பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் நிலோபரை.