செய்கூலி, சேதாரம்

பணகுடி கூரியர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு
தை மாதம் வாங்கிவந்த பெட்டிக்குள்
இருபது தட்டுகள்.
எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்,
அடிப்பக்கம் பேனாவில் 172 என்று ஒரே எண்.
கூடவே ஒரு சட்டை, இடது மார்பில் கம்பெனிக் கழுகு.
ஆறு பக்க ஒப்பந்தம்:
அன்புள்ள செல்வி குளோரிந்தா.

எண்ணை நம்புகிறவள் இல்லை நான்.
வள்ளியூருக்குக் கொண்டுபோனேன்.
புள்ளிக்குப் பிறகும் எண் காட்டும் தராசு
பிரம்மநாயகத்தின் நகைக்கடையில்தான் இருக்கிறது.
கண்ணாடிக் கூண்டுக்குள் தட்டு நுழையவில்லை.
கூண்டைக் கழற்றி, மின்விசிறியை நிறுத்தி,
ஒவ்வொன்றாய் வைத்தார்.
நூற்று எழுபத்தொன்று புள்ளி நான்கு.
நூற்று எழுபத்துமூன்று புள்ளி ஒன்று.
நூற்று அறுபத்தொன்பது, கொஞ்சம் தயங்கி, எழுபது.

"இது சாப்பிடவா, எறியவா?"
"எறிய."
"எறிஞ்சா திரும்பி வருமோ?"
"வராது. நாமதான் போய் எடுக்கணும்."
"அப்ப எடை எதுக்கு?"

நாற்பத்தொன்றாம் காற்றாடிக்கும்
ஐம்பத்தெட்டாம் காற்றாடிக்கும் நடுவே
எங்கள் சங்கிலிக் கூடைகள் நிற்கின்றன.
கணவாய் தாண்டி வரும் காற்றுக்கு
அரை கிராம் என்றால் என்னவென்று தெரியும்.
பிரம்மநாயகத்தைவிட நன்றாகத் தெரியும்.

என்னிடம் ஒரு சிவப்பு உண்டு.
வேறு கம்பெனி. பெயர் அழிந்துபோச்சு.
விளிம்பெல்லாம் உடைமுள் கீறல்.
விட்டதும் வலப்பக்கம் சாயும்,
யோசிக்கும்,
மனசு மாறி இடப்பக்கம் வந்து
கூடையடியில் உட்காரும்.
ஐந்து வருஷம் அது யோசித்ததைத்தான்
ஜனங்கள் என் திறமை என்கிறார்கள்.

புதுசுகள் யோசிப்பதில்லை.
நீலம் கெட்டி. கைவிட்டதும்
மணியடித்த பள்ளிக்கூடம் மாதிரி இடது பக்கம் ஓடும்.
மஞ்சள் பன்னிரண்டு மணிக்குமேல் இளகிப்போகும்.
ஒரே அச்சு, ஒரே பெயர்,
ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இருபது குணம்.

ஏழாம் பிரிவு:
போட்டி நாளில் ஆட்டக்காரரின் பையில்
பிற நிறுவனத் தட்டு இருத்தல் கூடாது.
எட்டாம் பிரிவு:
பெங்களூர் ரயில், நுழைவுக் கட்டணம்,
மாதம் பதினோராயிரம்.
நான் எட்டைத்தான் முதலில் படித்தேன்.

"ஏட்டி, புதுச் செருப்பு மாதிரிதான்,
கடிச்சுத்தான் பழகும்" என்றான் இசக்கிதுரை.
காற்றாடி ஏறி நட்டு முடுக்குகிறவன்,
ஷிப்டு முடிந்தால் என் பையைச் சுமப்பான்.
ஒரு நீலத்தை மட்டும் தேர்ந்தெடுத்தோம்.
பங்குனி முழுக்க, சித்திரை முழுக்க
கோபுரத்து இரும்பில் அடித்தேன், சரளில் உருட்டினேன்.
கம்பெனி காசு கொடுத்துச் செய்த வழவழப்பை
கம்பெனி காசு வாங்கித் தேய்த்தேன்.
ஆனிக் காற்றில் ஒரு சாயங்காலம்
அது வலப்பக்கம் சாய்ந்தது.
நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.
யோசித்தது.

மறுபடி வள்ளியூர்.
"முக்கால் கிராம் குறையுதே" என்றார் பிரம்மநாயகம்.
"சேதாரம்" என்றேன்.
"எங்க தொழில்ல
அதை வாங்கறவங்கதான் கட்டணும்."

ஆடியில் கடிதம் வந்தது.
அந்த அச்சை நிறுத்திவிட்டார்களாம்.
இனி மேம்படுத்தப்பட்ட அச்சு.
பெயர் அதேதான்.
புதுசில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று
நான் சொல்ல வேண்டிய நான்கு வரிகளையும்
தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள்.

கழுகுச் சட்டை போட்டு,
கையில் ஆரஞ்சுத் தட்டு பிடித்து,
ஐம்பத்தெட்டாம் காற்றாடிக்குக் கீழே நின்று பேசினேன்.
மூன்று தடவை இசக்கிதுரை போனில் எடுத்தான்.
மூன்று தடவையும் காற்று சொல்லை வாரிக்கொண்டு போச்சு.
பரவாயில்லை, உதடு அசைந்தால் போதும்,
மேலே இசை போட்டுக்கொள்கிறோம் என்றார்கள்.

பையில் பத்தொன்பது புதுசும்
தேய்ந்த அந்த ஒரு நீலமும்.
உடைமரத்துக்கு அப்பால் என்றைக்கோ அது தொலையும்;
அதற்குப் பிறகு அந்த அச்சில் யாருக்கும் கிடையாது.

சிவப்பு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்
மழைக்கோட்டில் சுருட்டியிருக்கிறது.
ஏழாம் பிரிவை இன்னொரு தடவை வாசித்தேன்.
அது பையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.