மூன்றாம் படி

டலூத்தில் பனி உருகி முடிந்த வாரம்
மார்லிஸ் உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினாள்.
மூன்றாம் படியின் மூலை
பொரி உருண்டையாய் உதிர்ந்தது.

உள்ளே கல்லில்லை, கம்பியில்லை.
நசுக்கிய பீர் டப்பாக்கள், ஒன்பது.
ஒற்றைக் காலுறை.

"நம்ம காலம் முழுக்கத் தாங்கும்" என்றிருந்தான் டுவெய்ன்,
பிரிந்துபோன வருஷத்துக் கோடையில்.
பதினோரு குளிர்காலம்
மளிகைப் பைகளோடு அதில்தான் ஏறினாள்.
தாங்கித்தான் இருக்கிறது.
அதுதான் எரிச்சல்.

தூசி ஊதி, விளிம்பை நனைத்து,
கலவையை அப்பி இழைத்தாள்.
கரணையைத் துடைக்க
அந்தக் காலுறை.

மூன்று நாள் ஈரம் காயக் கூடாதாம், மூட்டையில் போட்டிருக்கிறது.
காலையும் மாலையும் பூவாளியோடு வருகிறாள்.

"என்ன விதை போட்டிருக்கே?"
எதிர்வீட்டு ஓர்வில்.

"படி" என்றுவிட்டு
பின்வாசலுக்குச் சுற்றிப் போகிறாள்.